கடலுக்குப் பயப்படும் ஒரு தாய்க்கு



இம்மாதம் ஒரு கடிதத்தை முன்வைத்து உங்களோடு பேச விரும்புகிறேன். அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 2004 டிசம்பர் 26 அன்று அவருக்கு 14 வயது. அந்தக் காலைப் பொழுதில் அவரது உம்மம்மாவையும் தங்கையையும் கடல் கொண்டுபோய்விட்டது. இன்று அவருக்கு 12 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வீட்டிலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிட நடைதான். ஆனால் 20 வருடங்களுக்கு மேலாக அவர் அந்தப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. இரவில் அலைச் சத்தம் கூடினால் பாயில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாராம்.

மகள் நீந்தப் பழகக் கேட்கிறாள். இவர் மறுக்கிறார். “தண்ணீர்ப் பக்கமே போகாதவளுக்குத் தண்ணீரால் என்ன ஆபத்து வரப்போகிறது?” என்று எழுதியவர், கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: “அல்லாஹ் நாடியதுதான் நடக்கும் என்று தெரிந்தும் இப்படி நடுங்குகிறேனே, என் ஈமானில் குறை இருக்கிறதா?”

இல்லை சகோதரி, குறை இல்லை. முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

மனிதன் தரையில் வாழப் படைக்கப்பட்டவன். காலுக்குக் கீழே நிலம் இல்லை, கண்ணுக்கு அடி தெரியவில்லை, மூச்சு விட வழியில்லை என்றால் அவன் உடல் தானாகவே பதறும். கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீற்றர். நமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். அந்த மலையைத் தூக்கி நடுக்கடலில் வைத்தாலும் அதன் உச்சிக்கு மேல் இன்னும் ஒரு கிலோமீற்றருக்கு அதிகமாகத் தண்ணீர் நிற்கும். 200 மீற்றருக்குக் கீழே வெளிச்சம் மங்கிப் போகிறது. 1,000 மீற்றருக்குக் கீழே சூரிய ஒளி எட்டுவதேயில்லை. இத்தகைய ஒன்றைக் கண்டு அஞ்சாதவனைத்தான் நாம் ஆச்சரியமாகப் பார்க்க வேண்டும்.

அல்குர்ஆனும் இந்தப் பயத்தை அறிந்தே பேசுகிறது. சூரா அந்நூரின் 40 ஆவது வசனம் ஆழ்கடலின் அடுக்கடுக்கான இருளை, தன் கையைக்கூடக் காண முடியாத இருளை, உவமையாகச் சொல்கிறது. சூரா யூனுஸின் 22 ஆவது வசனம், நாற்புறமும் அலை சூழ்ந்த கப்பலில் இருப்பவர்கள் உளத்தூய்மையோடு அல்லாஹ்வை அழைப்பதை எடுத்துக் காட்டுகிறது.

வீரத்துக்குப் பெயர்பெற்ற கலீபா உமர் (ரலி) அவர்கள் கடல் வழியாகப் படை அனுப்ப அனுமதி தரவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தம் பொறுப்பில் உள்ள மக்களைக் கடலில் இறக்க அவர்கள் விரும்பவில்லை. உமர் (ரலி) அவர்களின் ஈமானை யாராவது குறை சொல்வார்களா?

ஆனால் இதே வரலாற்றில் ஒரு பெண்மணியும் இருக்கிறார். உம்மு ஹராம் (ரலி) அவர்கள். தமது உம்மத்தில் சிலர் கடலில் பயணம் செய்வதைக் கனவில் கண்டதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அவர்களில் நானும் ஒருத்தியாக இருக்கத் துஆச் செய்யுங்கள் என்று கேட்டவர் அவர். புகாரியில் பதிவான செய்தி இது. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் கணவரோடு கப்பலேறிச் சைப்பிரஸ் தீவுக்குப் போனார். அங்கே வாகனப் பிராணியிலிருந்து விழுந்து மரணித்தார். கடலைக் கடந்தவருக்கு மௌத் வந்தது தரையில்! மௌத்துக்கு இடம் குறிப்பவன் அல்லாஹ். கடலுக்கு அந்த அதிகாரம் இல்லை.

சரி, பயம் பாவமில்லை. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கும் ஒரு தாய்தான் நமக்கு வழி காட்டுகிறார். மூஸா (அலை) அவர்களின் தாயை நினைத்துப் பாருங்கள். பச்சிளம் குழந்தையை ஆற்று நீரில் விடும்படி அவருக்கு அறிவிக்கப்பட்டது. பயப்பட வேண்டாம், கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலும், பிள்ளை திரும்பி வருவான் என்ற வாக்குறுதியும் கிடைத்தன. அப்படியிருந்தும் அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிப்போனது என்று சூரா அல்கஸஸ் சொல்கிறது. இரகசியத்தை வெளியே சொல்லிவிடும் அளவுக்குத் தவித்தார். அல்லாஹ்தான் அவர் உள்ளத்தை உறுதிப்படுத்தினான்.

அதன் பிறகு அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு மூலையில் உட்காரவில்லை. குழந்தை போகும் வழியைப் பின்தொடர்ந்து பார்க்க ஆள் அனுப்பினார். யாரை அனுப்பினார்? தன் மகளை. மனம் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு தாய், மகளைத் தண்ணீரின் ஓரத்துக்கு அனுப்பினார். அந்த மகளின் கூர்மையான பார்வையாலும் சாதுரியமான பேச்சாலும்தான் குழந்தை மீண்டும் தாய் மடிக்கு வந்து சேர்ந்தது. தவக்குல் என்பது இதுதான்.

சகோதரி, தண்ணீர்ப் பக்கம் போகாதவளுக்கு ஆபத்தில்லை என்கிறீர்கள். அன்று உங்கள் தங்கை கடலைத் தேடிப் போகவில்லையே! கடல்தான் வீட்டைத் தேடி வந்தது. உங்கள் மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மரணித்தார்கள். அங்கே முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் உயிரிழந்திருந்தது தெரியவந்தது. பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், கையில் பிள்ளைகள் இருந்தார்கள், நீந்தவும் மரமேறவும் பழகியிருக்கவில்லை என்றெல்லாம் காரணங்கள் சொல்லப்பட்டன. தண்ணீரை அறியாமல் இருந்தது எங்கள் பெண்களைக் காப்பாற்றவில்லை.

ஆகவே மகளை நீந்தப் பழக விடுங்கள். பெண்ணே பழக்க வேண்டும், மறைவான இடமும் உடலை மறைக்கும் உடையும் வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. தனியாகக் கேட்டால் நடக்காது என்றால் ஊர்ப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து பாடசாலையிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் கேளுங்கள்.

முதலில் மிதக்கப் பழகட்டும். மல்லாந்து படுத்து, காதுவரை தண்ணீரில் விட்டு, கை கால்களைத் தளர்த்தி, நிதானமாக மூச்சு விட வேண்டும். பயத்தில் விறைத்துக் கைகளை மேலே வீசினால் உடல் தாழும். தளர்ந்தால் தண்ணீரே தாங்கும். கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் அதை எதிர்த்துக் களைத்துப் போகக் கூடாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். மூழ்குபவர் பெரும்பாலும் கூச்சலிட மாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். நீந்தத் தெரியாதவர் காப்பாற்றக் குதிக்கக் கூடாது. கயிறோ கம்போ வெற்றுக் கேனோ எறிய வேண்டும்.

கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டு நிலத்துக்கு ஓட வேண்டும். முதல் அலை போய்விட்டது என்று திரும்பி வரவும் கூடாது. 2004 இல் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ 2 மணி நேரம் கழித்தே அலை நம் கரைக்கு வந்தது, சொல்ல ஆளில்லை. 2012 ஏப்ரல் 11 இல் அதே கடலில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை கிடைத்தது, கரையோர மக்கள் நேரத்தோடு விலகினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பேரலை வரவில்லை.

கடலோரம் இல்லாத சகோதரிகளே, உங்களுக்கும்தான். 2021 இல் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் கால்வாசிக்குக் கிட்டியவர்கள் 5 வயதுக்கும் குறைந்த குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டில்லாத கிணறும் மூடாத தொட்டியும் நம் வளவுக்குள்ளேயே இருக்கின்றன. இன்றே மூடுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இன்னும் இரண்டு வார்த்தை. நீரில் மூழ்கி மரணிப்பவர் ஷஹீதின் அந்தஸ்தைப் பெறுவதாக நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தங்கையை நினைத்து அழும்போது அதையும் நினையுங்கள். உங்கள் பயம் ஒரே நாளில் போகாது. இன்று தெருமுனை வரை, நாளை கடல் தெரியும் இடம் வரை, பிறகு ஒரு நாள் மணல் வரை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். தூக்கம் கெடும் அளவுக்குப் பயம் வாட்டினால் வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

உங்கள் பகுதியில் மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பார்கள். வீட்டைக் கொடுங்கள் சகோதரி. பயத்தைச் சீதனமாகக் கொடுக்காதீர்கள்.

வஸ்ஸலாம்.