பரண் போயிற்று, காவலும் போகலாமா?

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்வெளிகளிலே, கதிர் பால்பிடிக்குங் காலந்தொட்டு அறுவடை முடியும்வரை பரண்கள் நின்ற காலம் ஒன்றிருந்தது. தீக்கொள்ளியும் தகரமும் துணையாகக் கமக்காரன் அதன்மேல் இராமுழுதும் விழித்திருந்தான். ஒரு பரணிற் குரல் எழுந்தால் அயற்பரணும் விழிக்கும். பண்டைத் தமிழர் இதனை இதணம் என்றனர். வள்ளி தினைப்புனங் காத்ததும் பரண்மீதிருந்தே. அத்துணைப் பழமை வாய்ந்த பரணை இன்று வன்னியிற் காண்பது அரிதாகிவிட்டது.

குளம் 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. யாழ்ப்பாணத்தின் சனநெருக்கடியைத் தணிக்க 1936இற் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கிற்று. காடு வெட்டிக் கழனியாக்கிய மக்களுக்குப் பரணே காவலாயிற்று. பின்னர் போர் வந்தது. பரண் நின்ற மண்ணிலே காவலரண் எழுந்தது. பயிரைக் காத்த கண் போய், மனிதனை வேவுபார்க்கும் கண் வந்தது. 2009இற் போர் ஓய்ந்தபின் மக்கள் மீண்டனர். ஆளின்றிக் கிடந்த வயல்களிலோ பற்றை மண்டி, யானையும் பன்றியும் உரிமை கொண்டாடின.

பரணுக்குப் பதில் மின்வேலி உண்டென்பர் சிலர். மின்வேலி வேண்டாமென்று நாம் கூறவில்லை. வேலி தானே விழித்திருக்குமா என்பதே எமது கேள்வி. கம்பியிற் கொடி படர்ந்தால் மின்வலு குன்றும். கம்பத்தை யானை சாய்த்தால் வழி திறக்கும். பார்ப்பாரற்ற வேலி வெறுங் கம்பியே. அதனினுங் கொடிது, வீட்டு மின்சாரத்தைக் களவாகக் கம்பியிற் பாய்ச்சுவது. அது யானையையுங் கொல்லும், அயலவனையுங் கொல்லும். 2019ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் யானைக்கும் மனிதனுக்குமிடையிலான மோதலில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120 பேரளவில் மனிதரும் மாண்டனர்.

கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் 2020இல் அமைந்த குழு இதற்கொரு வழி கூறிற்று. பயிர்க்காலத்தில் வயலைச் சுற்றி மின்வேலி இடுக. அறுவடையின் பின் அகற்றுக. அதனைக் கமக்காரர் அமைப்புகளே பராமரிக்க என்பது அதன் பரிந்துரை. இது பரணின் பழைய நியதியன்றி வேறென்ன? பயிருள்ள காலத்தே காவல், காப்பவன் பயிருக்குரியவன்.

இரணைமடுக் கமக்காரர் நீரைப் பங்கிடப் பழகியவர்கள். எத்தனை ஏக்கரில் விதைப்பதென்று சிறுபோகக் கூட்டத்திற் கூடித் தீர்மானிப்பவர்கள். அதே கூட்டத்திற் காவலையும் பங்கிட்டால் என்ன? எந்த வெளிக்கு எவர், எந்த இரவில் எவர், கம்பி பார்ப்பவர் எவர் என்று எழுதிவைக்கட்டும். கம்பியும் மின்கலமும் வழங்குவது அரசாங்கத்தின் கடமை.

வயலைக் குத்தகைக்குக் கொடுத்து நகரில் உத்தியோகம் பார்க்கும் அன்பர்களுக்கும் ஒன்று கூறுவோம். குத்தகை நெல் உங்கள் வீடு தேடி வருகின்றது. அந்நெல்லுக்காக இருளில் யானைமுன் நிற்பவன் ஏழைக் குத்தகைக்காரன். காவற் செலவிற் பங்கேற்பது நீங்கள் செய்யும் தருமமன்று. கொடுக்க வேண்டிய கடன்.

பரணின் கம்பங்கள் உக்கிப் போயின. ஒரு குரலுக்கு ஊரே விழித்த அந்த ஒற்றுமையையும் உக்கவிடலாகாது.