கீபோர்டு சேர்க்கும் துணைச்சுரம்

மாணவர்களே, உக்கடத்தில் எங்கள் தெருச் சிறுவன் கீபோர்டில் தானியங்கி ஒத்திசைவை இயக்கிவிட்டு மாயாமாளவகௌளையில் சரளிவரிசை வாசித்தான். சுத்த ரிஷபம் வரும்போதெல்லாம் கரகரத்தது. தன் விரல்தான் பிசகியதென்று முகம் வாடினான்.

பிழை அவனுடையதன்று. இடக்கை ச-க-ப கூட்டைப் பிடித்திருந்தால், வலக்கைச் சுரத்துக்குக் கருவி அக்கூட்டிலிருந்தே துணைச்சுரம் சேர்க்கும். இராகம் இன்னதென்று அது பார்ப்பதில்லை. ச-வின் அதிர்வெண் 261.6 ஹெர்ட்ஸ் எனில், சுத்த ரி 277.2. சேர்ந்தொலித்தால் நொடிக்கு ஏறக்குறைய 16 விம்மல்கள். அதுதான் அந்தக் கரகரப்பு. ச-வும் ப-வுமோ ஏறத்தாழ 2:3 விகிதம். இரண்டையும் அழுத்திக் கேட்டுப் பாருங்கள்!

சரளிவரிசைக்கு அந்த வசதியை அணைத்துவிடுங்கள் என்பேன். மெல்லிசைக்கு வேண்டுமானால் இயக்கலாம், இடக்கை எந்தக் கூட்டைப் பிடித்திருக்கிறதென்று தெரிந்துகொண்டு.