வாய் திருந்தியது, தொழில்?

எழுப்புதல் கூட்டங்களில் ‘அமேசிங் கிரேஸ்’ பாடுவதற்கு முன்னால் பிரசங்கியார் ஒரு கதை சொல்வார். ஜான் நியூட்டன் என்று ஒருவன். அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பலின் கேப்டன், மகா முரடன். நடுக்கடலில் புயல். “ஆண்டவரே இரங்கும்” என்று கதறினான். கரை சேர்ந்ததும் அடிமை வியாபாரத்தைத் தலைமுழுகிவிட்டு இந்தப் பாட்டை எழுதினான். அல்லேலூயா! கதை முடியும் முன்பே கீபோர்டுக்காரர் மெல்ல வாசிக்க ஆரம்பித்திருப்பார்.

புயல் உண்மைதான். 1748 மார்ச்சில் ‘கிரேஹவுண்ட்’ என்ற கப்பல் அட்லாண்டிக்கில் ஏறக்குறைய மூழ்கியேவிட்டது. 22 வயது நியூட்டன் மற்றவர்களோடு சேர்ந்து மணிக்கணக்கில் தண்ணீர் இறைத்தார். பல வருடங்களாகத் திட்டுவதற்கு மட்டுமே சொல்லி வந்த ஆண்டவர் பெயரை அன்று ஜெபமாகச் சொன்னார். ஆனால் அவர் அந்தக் கப்பலின் கேப்டன் இல்லை. அதில் அடிமைகளும் இல்லை. தந்தமும் தேன்மெழுகும்தான் சரக்கு. அடிமைக் கப்பலுக்கு அவர் கேப்டன் ஆனதே மனந்திரும்பிய பிறகுதான்.

1750 முதல் 1754 வரை மூன்று பயணம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். கேபினில் உட்கார்ந்து லத்தீன் படித்தார், மனைவி மேரிக்கு உருக்கமாகக் கடிதம் எழுதினார். கீழ்த்தட்டில் இரண்டிரண்டு பேராக விலங்கு மாட்டப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கிடந்தார்கள். அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள் போல என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களின் கட்டைவிரலை இரும்புத் திருகில் வைத்து நெரித்ததைத் தன் கைப்பட கப்பல் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். இது ஜெயிலர் வேலை மாதிரி இருக்கிறது, வேறு பிழைப்பு கொடும் என்று ஜெபித்தாராம். தொழிலே பாவம் என்று அவருக்குத் தோன்றவில்லை. 1754-ல் திடீரென நோய் தாக்கியது, கடலை விட்டார். நிறுத்தியது உடம்பு, மனசாட்சி அல்ல.

1764-ல் இங்கிலாந்தில் ஓல்னி என்ற சிற்றூரில் குருவானவர் ஆனார். அந்தப் பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டது 1788-ல். புயலிலிருந்து எண்ணினால் 40 வருடம்.

இந்த மனிதரை வேஷதாரி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. புயலுக்குப் பிறகு அவருடைய கெட்ட வாய் அடங்கியது; தெய்வ நிந்தனை நின்றது. அதுவும் மாற்றம்தான். ஆனால் வாய் திருந்துவதை ஊர் பாராட்டும். தொழில் திருந்தினால் ஊருக்கே நஷ்டம். அவர் கப்பல் புறப்பட்ட லிவர்பூலில் அடிமைக் கப்பல் முதலாளிகள்தான் பெரிய மனிதர்கள். கோயிலில் நல்ல இருக்கை அவர்களுக்கு. நீ செய்வது தப்பு என்று நியூட்டனிடம் சொல்ல அவர்களில் யார் வருவார்?

நம் கூட்டங்களில் சொல்லப்படும் சாட்சிகளைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். குடியை விட்டேன், பீடியை விட்டேன், சினிமாவை விட்டேன். நல்லது, அந்த வீட்டுப் பெண்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். மகனுக்கு வாங்கின வரதட்சணையைத் திருப்பிக் கொடுத்தேன் என்று ஒரு சாட்சி உண்டா? தங்கையின் பங்கு நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று? சாதி பார்த்துப் பெண் எடுப்பதை நிறுத்திவிட்டேன் என்று மைக்கில் சொன்னவரை நான் இன்னும் கேட்கவில்லை. வரி வசூலிப்பவரான சகேயுவின் கதை வேதத்தில் லூக்கா 19-ல் இருக்கிறது. அவர் புகையிலையையோ மதுவையோ பற்றிப் பேசவில்லை; எழுந்து நின்றதும் சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கினதற்கு நாலத்தனை என்று கணக்கில்தான் ஆரம்பித்தார். ஞாயிறு பள்ளியில் அவர் மரம் ஏறினதை மட்டும் நாம் பாட்டாகப் பாடி முடித்துவிடுகிறோம்.

நியூட்டனின் அந்த 1788 நூலில் பாடலாசிரியரோ போதகரோ பேசவில்லை, கப்பல்காரர் பேசுகிறார். தட்டின் உயரம் எவ்வளவு, எத்தனை பேரைத் திணிப்போம், பெண்களை மாலுமிகள் என்ன செய்வார்கள் என்று விவரம் விவரமாக. செய்த கேட்டை இந்த அறிக்கை சரிக்கட்டாது, காலம் கடந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. அரசியலை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வரட்டுமா என்று 1785-ல் தன்னிடம் யோசனை கேட்க வந்த, பின்னாளில் அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் போராடிய எம்.பி. வில்லியம் வில்பர்ஃபோர்ஸை, நாடாளுமன்றத்திலேயே இரும் என்று திருப்பி அனுப்பியதும் இவர்தான். பிறகு நாடாளுமன்றக் குழு முன்னால் தானே போய் நின்று சாட்சியம் சொன்னார். பிரிட்டனில் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது; அந்த டிசம்பரில் நியூட்டன் கண்மூடினார்.

இந்தக் கதையை முழுசாகச் சொல்ல ஒரு பிரசங்கம் பிடிக்கும். கேட்பவர்களில் சிலருக்கு, குறிப்பாக முன்வரிசையில் சால்வை போர்த்தி உட்காரவைக்கப்படும் பெரிய காணிக்கைக்காரர்களுக்கு, உட்கார்ந்திருப்பது கொஞ்சம் சிரமமாக இருக்கலாம்.