ஜெயிச்சவங்க ஏன் விளையாட வர மாட்டேங்கிறாங்க?

மக்களே, இன்னைக்கு சுகர், பிபி எதுவும் இல்லை. என்னோட விளையாட்டுப் பைத்தியம் பத்தி ஒரு நீளமான இழை. பிடிக்காதவங்க தாண்டிப் போயிடுங்க, கோச்சுக்க மாட்டேன்.

போன வருஷம் அஞ்சு மாசம் நான் ஒரே பொய்யைச் சொல்லிட்டு இருந்தேன். யார் ஆட்டத்துக்குக் கூப்பிட்டாலும் "டூட்டி இருக்கு". டூட்டி நிஜமாவே இருந்துச்சு. அரசு மருத்துவமனையில எப்பதான் இல்லை? ஆனா காரணம் அது இல்லை. எங்க குரூப் ரேங்கிங்ல நான் 3வது இடம். ரெண்டு ஆட்டம் தோத்தா 6வது, 7வதுக்குப் போயிடுவேன். அவ்ளோதான்.

இதுல கேவலம் என்னன்னா, அந்த ரேங்கிங்கை நடத்துறதே நான்தான்.

விளையாட்டு பேர் அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர். 1985ல அமெரிக்காவோட அவலான் ஹில் கம்பெனி வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர், அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், அட்டைச் சில்லுகள், பகடை. சின்ன சண்டை ஒண்ணு முடியவே நாலு மணி நேரம் ஆகும். எதிரே உட்கார ஆள் கிடைக்காத என்னை மாதிரி ஆளுங்களுக்கு வாஸல்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. (நம்ம வீட்டு வாசல் இல்லைங்க, ஆனா எனக்கு அது வாசல்தான்.) அதுல நாலஞ்சு நாட்டுல இருந்து 23 பேர் ஆடுறோம். யாரு யாரோட ஆடினா சரியா இருக்கும்னு பார்க்கத்தான் ஒரு லேடர் ஆரம்பிச்சேன்.

கணக்கு செஸ்ல இருந்து வந்த ஈலோ முறை. அர்பாட் ஈலோங்கிற இயற்பியல் பேராசிரியர் போட்டது. 1960ல அமெரிக்க செஸ் கூட்டமைப்பும், 1970ல ஃபிடேவும் ஏத்துக்கிட்டாங்க. ரெண்டு பேரும் சம புள்ளின்னா ஜெயிக்கிற வாய்ப்பு பாதிக்குப் பாதி. 400 புள்ளி வித்தியாசம்னா பெரிய ஆளுக்குச் சுமாரா 91%. எதிர்பார்த்ததை விட நல்லா ஆடினா ஏறும், மோசமா ஆடினா இறங்கும்.

இப்ப மேல இருக்கிறவர் இடத்துல இருந்து யோசிங்க. ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 32 புள்ளின்னு வச்சா, தன்னை விட 400 குறைவான ஆளை ஜெயிச்சா கிடைக்கிறது 3. தோத்தா போறது 29. பகடை ஆட்டத்துல தோல்வி எப்ப வேணா வரும். நாலு மணி நேரம் உட்கார்ந்து 3 புள்ளிக்கு யார் ஆடுவா? பரமபதத்துல ஏணி ஏறி உச்சிக்குப் பக்கத்துல நிக்கிறவன், கட்டையை உருட்டவே வேண்டாம்னா உருட்டுவானா? நான் உருட்டலை.

இதுக்கு வழக்கமா ஒரு வைத்தியம் சொல்வாங்க: ஆடாம இருந்தா மாசம் இத்தனை புள்ளி கழிச்சிடு. எனக்கு இதுல உடன்பாடே இல்லை. எங்க குரூப்ல ஒருத்தருக்குக் குழந்தை பிறந்துச்சு, ஆறு மாசம் வரலை. அதனால அவர் ஆட்டம் மோசமாயிடுச்சா? தெரியாது. தெரியாதுங்கிறதுதான் சரியான பதில். கழிக்கிறது அபராதம், அளவீடு இல்லை.

ஓபியில ஒரே ஒரு தடவை பார்த்த பிபியை வச்சு உடனே ஆயுசுக்கும் மாத்திரை எழுதிட மாட்டோம். மறுபடி வரச் சொல்லிப் பார்ப்போம். அது போன வருஷ ரீடிங்னா இன்னும் சந்தேகப்படுவோம். மார்க் க்ளிக்மன்ங்கிற புள்ளியியல் நிபுணர் போட்ட க்ளிக்கோ முறை இதைத்தான் செய்யுது. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு எண்: ஒண்ணு புள்ளி, இன்னொண்ணு அந்தப் புள்ளி மேல நமக்குள்ள சந்தேகம். ஆட ஆட சந்தேகம் சுருங்கும். ஆடாம இருந்தா விரியும்.

புள்ளியில இருந்து சந்தேகத்தோட ரெண்டு மடங்கைக் கழிச்சு, அந்த வரிசையில பட்டியல் போடுங்க. 1720 புள்ளி, சந்தேகம் 60 இருக்கிறவர் 1600ல நிப்பார். அவரே ரொம்ப நாள் ஆடாம சந்தேகம் 150 ஆனா 1420. யாரும் அவர்கிட்ட இருந்து ஒரு புள்ளி கூடப் பிடுங்கலை. திரும்பி வந்து நாலு ஆட்டம் ஆடினா சந்தேகம் குறையும், இடம் திரும்ப வரும். எக்ஸ்பாக்ஸ்ல மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்த ட்ரூஸ்கில்லும் கிட்டத்தட்ட இதே யோசனைதான், அங்க மூணு மடங்கு கழிப்பாங்க.

ஆனா என்னை மாத்தினது மேல இருக்கிறவங்க கணக்கு இல்லை, கீழ இருக்கிறவங்க கணக்கு.

போன வருஷம் ஒரு பையன் சேர்ந்தான். நல்லா ஆடுவான், ஆனா தொடர்ந்து அஞ்சு தோல்வி. ரெண்டு ஆட்டத்துல அவனுக்குக் கிடைச்ச பக்கமே கஷ்டமான பக்கம், லேடருக்கு அதெல்லாம் தெரியாது. 1500ல ஆரம்பிச்சு 1430க்கு வந்து, கடைசிப் பேரா நின்னான். ஒரு நாள் சத்தமில்லாம குரூப்பை விட்டுப் போயிட்டான். அப்ப நான் 3வது இடத்தைக் கட்டிப் பிடிச்சிட்டு இருந்தேன்.

க்ளிக்கோவுல புது ஆள் 1500 புள்ளி, சந்தேகம் 350ல ஆரம்பிப்பார். பட்டியல்ல 800. தன்னைப் போல 1500ல நிலையா இருக்கிற ஒருத்தர்கிட்ட முதல் ஆட்டம் தோத்தா புள்ளி 1325 பக்கம் இறங்கும், ஆனா சந்தேகம் 250க்குச் சுருங்கும். பட்டியல்ல சுமார் 830. அதாவது தோத்தும் மேல ஏறுறார்! நைட் டூட்டியில இதைப் பேப்பர்ல போட்டுப் பார்த்து, தப்பா இருக்குமோன்னு மூணு தடவை சரி பார்த்தேன். சரிதான். இது எப்பவும் நடக்காது, ஆரம்ப ஆட்டங்கள்லதான். புது ஆளுக்கு ஆரம்பம்தானே முக்கியம்?

"தோத்தவனுக்கு ஏத்தமா? இது என்ன ஆல் பாஸா?"ன்னு குரூப்ல ஒரு சீனியர் சண்டைக்கு வந்தார். ஆல் பாஸ் இல்லை சார். அவன் புள்ளி இறங்கித்தான் இருக்கு. அவனைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது கூடியிருக்கு, பட்டியல் அதைக் காட்டுது. அவர் இன்னும் சமாதானம் ஆகலை.

பொங்கலுக்கு அப்புறம் புது முறைக்கு மாத்தினேன். பழைய முடிவுகளை எல்லாம் போட்டதுல நான் 3ல இருந்து நேரா 11. அன்னைக்கு ராத்திரியே கூப்பிட்டவர்கிட்ட சரின்னு சொல்லி ஆடினேன். தோத்தேன். 12.

அந்தப் பையனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கேன். பழைய அஞ்சு தோல்வியையும் வச்சே புது முறையில அவன் எங்க நிக்கிறான்னு கணக்குப் போட்டு அனுப்பினேன், கடைசி இடம் இல்லை. ரெண்டு டிக் வந்திருக்கு, இன்னும் நீலமாகலை.