கடைசி வரிதான் பாக்கி!

மளிகைக் கடை நோட்டில் வீட்டுக்கொரு பக்கம். கடைசி வரிதான் பாக்கி. அதே கணக்கை டேபிளில் போட்டு, ‘குரூப் பை’யோடு ‘மேக்ஸ்’ தேதி கேட்டால் தேதி புதுசாக வரும். தொகை பழைய வரியிலிருந்து வரலாம்! மைஎஸ்க்யூஎல் 2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் இதைத் தானாகத் தடுக்கிறது.

வீட்டு எண்படி ‘பார்ட்டிஷன்’ பிரித்து, தேதியையும், ஒரே நாளில் இரண்டு வரி இருந்தால் பதிவு எண்ணையும் இறங்குவரிசையில் அடுக்கி, ‘ரோ நம்பர்’ 1 உள்ள வரியை எடுப்பதே நியாயம். 2018-இல் வந்த 8.0 முதல் இந்த வசதி உண்டு.

எர்ரர் வரலையே என்று விட்டுவிடலாமா? எங்க அம்மா மாதிரி படிக்காதவங்க, ‘கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்’னு பணத்தை எண்ணி வைப்பாங்க. அவங்களுக்காக நாமதான் சரிபார்க்கணும்!