குரங்கின் முகமும் படத்தின் அடிக்குறிப்பும்

மனித முகத்தைப் படம்பிடிக்கும் கலையில் ஐதராபாத் நகருக்குப் பழம்பெருமை உண்டு. ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கானின் அரசவைப் புகைப்படக் கலைஞராக விளங்கிய ராஜா தீன் தயாள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிகந்தராபாத்தில் நிலையம் அமைத்து, பிரபுக்களையும் அதிகாரிகளையும் படமெடுத்தார். அவர் முன் அமர்ந்தவர்கள் தாம் எதற்காக அமர்கிறோம் என்பதை அறிந்தவர்கள். எத்தகைய முகத்தைக் காட்டவேண்டும் என்பதையும் தாமே தீர்மானித்துக்கொண்டவர்கள். 1963ஆம் ஆண்டில் அதே நகரில் திறக்கப்பட்ட நேரு விலங்கியற் பூங்காவில் இன்று குரங்குகளின் முகங்களும் படம்பிடிக்கப்படுகின்றன. குரங்கோ தன் முகத்துக்குத் தானே விளக்கம் கூற இயலாது. அப்பொறுப்பு படமெடுப்பவரையும், படத்தின் கீழ்க் குறிப்பு எழுதுபவரையும் சார்ந்தது. அது பெரும்பாலும் கவனமின்றியே நிறைவேற்றப்படுகிறது.

பல்லைக் காட்டும் குரங்கின் படத்துக்கு ‘சிரிக்கும் குரங்கு’ என்றும், கன்னத்தில் கைவைத்த சிம்பன்சியின் படத்துக்குச் ‘சிந்தனையாளர்’ என்றும் பெயரிடுதல் வழக்கமாகிவிட்டது. இது தீங்கற்ற வேடிக்கை எனச் சிலர் கருதலாம். பாடம் கற்பிக்கும் படமாக அது வகுப்பறைக்குள் நுழையுமாயின் அவ்வாறு கருதுவதற்கில்லை.

மனிதனுக்கும் குரங்கினத்துக்கும் உள்ள முக ஒற்றுமை வெறும் கற்பனையன்று. சார்லஸ் டார்வின் 1872ஆம் ஆண்டில் மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் முறையைப் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். புகைப்படங்களை விஞ்ஞானச் சான்றாகப் பயன்படுத்திய முன்னோடி நூல்களுள் அது ஒன்று. மனித முகத்தசைகளின் அசைவுகளை எண்ணிட்டுக் குறிக்கும் முறை 1978ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. பின்னர் அது 2007ஆம் ஆண்டில் சிம்பன்சிக்கும், 2010ஆம் ஆண்டில் ரீசஸ் குரங்குக்கும் ஏற்றவாறு அமைத்துக்கொள்ளப்பட்டது. தசைகள் பெரிதும் ஒத்திருப்பதாலேயே இது சாத்தியமாயிற்று. ஆயினும் தசை ஒன்றாயிருப்பதனால் பொருளும் ஒன்றாயிருக்கவேண்டும் என்னும் நியதியில்லை.

இதனை டார்வினே உணர்ந்திருந்தார். அவருடைய நூலில், செலிபீஸ் தீவைச் சேர்ந்த கருங்குரங்கொன்றின் இரு நிலைகள் ஓவியமாகத் தரப்பட்டுள்ளன. தடவிக்கொடுக்கும்போது மகிழ்ச்சியால் அது உதடுகளைப் பின்னிழுத்துப் பற்களைக் காட்டும்; அதன் இயல்பை அறியாத ஒருவர் அம்முகத்தை மகிழ்ச்சியின் முகமென ஒருபோதும் உணரமாட்டார் என்று அவர் குறிப்பிட்டார். 2011ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய ‘தன்னைத்தானே படமெடுத்த குரங்கின்’ புகைப்படமும் அதே இனத்தைச் சேர்ந்ததே. படம் யாருக்கு உரிமை என்னும் வழக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் 2018ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. அவ்வினம் அழிவின் விளிம்பில் நிற்கிறது என்னும் செய்தியோ அத்துணை பேரை எட்டவில்லை.

நம் நாட்டுக் குரங்குகளின் நிலை இதற்கு மாறானது. தக்காணத்தில் இரு இனங்கள் காணப்படுகின்றன. நீண்ட வாலும், உச்சியில் தொப்பிபோல் விரிந்த மயிரும் உடையது தென்னிந்திய நாட்டுக் குரங்கு. குட்டையான வாலும் செந்நிறப் பின்புறமும் உடையது வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பரவிவரும் ரீசஸ் குரங்கு. இவ்விரண்டிலும், ஓசையின்றிப் பற்களைக் காட்டுதல் பெரும்பாலும் அச்சத்தையோ, வலியதற்கு அடங்கிப்போதலையோ குறிக்கும். வாயைத் திறந்து உற்றுநோக்குதல் அச்சுறுத்தலாகும். ஆண் குரங்கின் கொட்டாவி, பல நேரங்களில் உறக்கத்தையன்றி மன இறுக்கத்தைக் காட்டும். உதடுகளை விரைவாக ஒலியெழச் சேர்த்துப் பிரித்தலே நட்பின் அறிகுறி. ஆனால் படத்தில் இது சிரிப்பாகத் தோன்றுவதில்லை.

சிம்பன்சியைப் பற்றியும் இத்தகைய பிழை நேர்ந்ததுண்டு. 1961ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அமெரிக்கர் விண்வெளிக்கு அனுப்பிய ‘ஹாம்’ என்னும் சிம்பன்சி திரும்பிவந்தபின் பல்லைக் காட்டிய படம், வெற்றிப் புன்னகையாக வெளியிடப்பட்டது. சிம்பன்சிகளின் நடத்தையை நன்கறிந்தோர் அதில் கண்டது பேரச்சத்தையே.

இப்பிழையின் விளைவு நூல்களோடு நின்றுவிடுவதில்லை. மொராக்கோவில் வாழும் பார்பரி குரங்குகளின் படங்களைக் கொண்டு நடத்தி 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், பழக்கமுள்ளவர்கள் உட்பட அனைவருமே சினமுற்ற முகத்தைச் சாதாரண முகமாகவோ நட்பு முகமாகவோ சில வேளைகளில் தவறாகக் கொண்டனர். பழக்கமற்றவர்களிடம் இத்தவறு மிகுதி. ‘சிரிக்கும் குரங்கு’ என்று படித்த சிறுவன், கோயில் வாயிலில் பல்லைக் காட்டும் குரங்கிடம் பழத்தை நீட்டுவானாயின், கடியுண்பவன் அவனே. கடிபட்ட இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு அழைத்துச் செல்லவேண்டிய நிலை அவன் பெற்றோருக்கு ஏற்படுகிறது.

குரங்கினத்துக்கும் இழப்பு உண்டு. 2011ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மனிதர் அருகில் நிற்கும் சிம்பன்சியின் படத்தைக் கண்டவர்கள், மனிதரற்ற அதே படத்தைக் கண்டவர்களைவிட, காட்டுச் சிம்பன்சிகள் குறைவின்றி வாழ்வதாக நம்பும் வாய்ப்பு 35.5 சதவீதம் மிகுதியாயிருந்தது. மனிதரைப்போல் காட்டப்படும் விலங்குக்குப் பாதுகாப்பு வேண்டும் என்னும் எண்ணமே மங்கிவிடுகிறது.

இத்தகைய முகப்படங்களே மக்கள் உள்ளத்தில் பரிவை விளைவிக்கின்றன என்று மறுப்போர் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஜேம்ஸ் மாலிசன் என்பார் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட மனிதக் குரங்குகளின் முகப்பட நூல் அதற்குச் சான்று. ஆயினும் அந்நூலில் ஒவ்வொரு விலங்கின் பெயரும் வரலாறும் தரப்பட்டுள்ளன. அவற்றுட் பல, வேட்டையில் தாயை இழந்து மீட்கப்பட்டவை. பரிவை வளர்த்தது முகம் மட்டுமன்று. முகத்தோடு சேர்த்துக் கூறப்பட்ட உண்மையும் ஆகும்.

ஆகவே, படமெடுத்தலை விலக்கவேண்டுவதில்லை, குறிப்பெழுதுதலைத் திருத்தவேண்டும். களப்பணியாளர் படமெடுத்த அப்போதே இனம், இடம், நாள், ஏறத்தாழ வயது, எதிரில் நின்றது யார், முன்னும் பின்னும் நிகழ்ந்தது என்ன என்பவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். ‘சிரிக்கிறது’ என்பதற்குப் பதிலாக, ‘தன்னினும் வலிய ஆண் அணுகியபோது பற்களைக் காட்டியது’ என்று எழுதுதல் தகும். ஆசிரியர் அதே படத்தை முதலில் குறிப்பின்றிக் காட்டி மாணவரின் ஊகங்களைக் கேட்டு, பின்னர்க் குறிப்பைப் படித்துக்காட்டலாம். கண்டதற்கும் கருதியதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்த இதைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது. உணவை நீட்டியோ சீண்டியோ ஒரு முகபாவத்தை வருவித்துப் படமெடுத்தல் அறவே தவிர்க்கத்தக்கது.

தீன் தயாளின் முன் அமர்ந்தவர்கள் தம் பெயரையும் பதவியையும் தாமே கூற வல்லவராயிருந்தனர். குரங்கின் பொருட்டு அதனைக் கூறவேண்டியவர் படமெடுத்தவரே. அவர் எழுதும் ஒரு வரி உண்மையாயிருத்தல் அவ்விலங்குக்கும் அதனைக் காணும் குழந்தைக்கும் ஒருங்கே பாதுகாப்பாகும்.