கால்நடை டாக்டர் வாங்கிய வண்டி

ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யைப் படித்தவர்கள் பெரும்பாலும் நெப்போலியன் என்ற பன்றியைத்தான் திட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பயம் ஸ்குவீலர் என்ற இன்னொரு பன்றியிடம். உருண்டைக் கன்னம், துள்ளல் நடை, பேசும்போது வாலை ஆட்டுகிற பழக்கம். நாய்களை ஏவி ஆளைக் கிழிக்கவிடுவது நெப்போலியன். அது ஏன் அவசியம் என்று வந்து பதமாகப் பேசுவது ஸ்குவீலர்.

பன்றிகளின் முதல் திருட்டு அற்பமானது. மிருகங்கள் எஜமானனை விரட்டிய புரட்சி முடிந்த கையோடு கறந்த ஐந்து வாளிப் பால் காணாமல் போகிறது. பிறகு ஆப்பிளும் பன்றிகளுக்கே என்று உத்தரவு. ஸ்குவீலர் விளக்குகிறது: எங்களில் பலருக்குப் பாலே பிடிக்காது, மூளை உழைப்புக்காக மருந்துபோலச் சாப்பிடுகிறோம், நாங்கள் தளர்ந்தால் பழைய எஜமானன் ஜோன்ஸ் வந்துவிடுவான். ஜோன்ஸ் வரட்டும் என்று எந்த மாடு சொல்லும்? பேச்சு அத்தோடு முடிந்தது. கதையின் திருப்புமுனையே இதுதான் என்று 1946இல் ஒரு கடிதத்தில் ஆர்வெல் எழுதினார். அவர் மனதில் இருந்தது ரஷ்யக் கடற்படைத் தளமான கிரான்ஸ்டாட். ரஷ்யப் புரட்சிக்குத் தோள் கொடுத்த மாலுமிகள் 1921இல் உரிமை கேட்டபோது, வெள்ளைப்படைத் தளபதிகளின் கையாட்கள் என்று சொல்லித்தான் அவர்களைச் செம்படை நசுக்கியது.

ஆனால் ஸ்குவீலரின் உச்சம் பாக்ஸர் விஷயம். காற்றாலைக்குக் கல் இழுத்தே ஓய்ந்துபோன வண்டிக்குதிரை அது. ஆஸ்பத்திரிக்கு என்று ஏற்றுகிறார்கள். குதிரை அறுப்பவர், பசை காய்ச்சுபவர் என்று வண்டியின் மேல் எழுதியிருக்கிறது. கழுதை பெஞ்சமின் அதை உரக்கப் படித்துவிடுகிறது. பண்ணை முழுக்கக் கேட்டாயிற்று. மூன்று நாள் கழித்து ஸ்குவீலர் வருகிறது. எழுத்தை அது மறுக்கவே இல்லை. வண்டி முன்பு அறுப்பவனுடையதுதான், கால்நடை டாக்டர் விலைக்கு வாங்கிவிட்டார், பழைய பெயரை இன்னும் அழிக்கவில்லை, அவ்வளவுதான் என்கிறது. அப்பாடா என்று எல்லாருக்கும் மூச்சு வருகிறது. கண்ணால் பார்த்ததை இல்லை என்று சாதிப்பவன் கற்றுக்குட்டி. பார்த்தது சரி, காரணம்தான் வேறு என்பவன் தேர்ந்தவன். நம்பினால் நிம்மதி, நம்பாவிட்டால் நாய்களோடு மோத வேண்டும் என்ற நிலையில் யாரும் நம்பத்தான் செய்வார்கள். எனக்குப் பெஞ்சமின் மேலும் கோபம் உண்டு. படிக்கத் தெரிந்தும் அத்தனை வருஷம் வாயே திறக்காத பிராணி அது.

ஆர்வெல்லுக்கு இந்தப் பிரசாரத் தொழில் வெளியிலிருந்தும் தெரியும், உள்ளிருந்தும் தெரியும். 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர்முனையில் தொண்டையில் குண்டு பாய்ந்து பிழைத்தார். அடுத்த மாதமே, அவர் எந்த அமைப்பின் படையில் இருந்து கலகத் தளபதி ஃபிராங்கோவை எதிர்த்தாரோ அந்த அமைப்பு ஃபிராங்கோவின் ஒற்றர் கூட்டம் என்று தடைசெய்யப்பட்டது. மனைவியோடு பிரான்ஸுக்குத் தப்பினார். 1941 முதல் இரண்டு வருஷம் பிபிசியில் இந்திய நேயர்களுக்கான போர்க்காலப் பிரசாரம் அவருக்கே வேலையானது. அவர் ஆங்கிலத்தில் எழுதிய செய்தி விமர்சனங்கள் குஜராத்தி, மராத்தி, வங்காளியோடு தமிழிலும் பெயர்த்து வாசிக்கப்பட்டன. நம் தாத்தாக்களில் சிலர் ஆர்வெல் என்று தெரியாமலே ஆர்வெல்லைக் கேட்டிருக்கலாம்.

அந்த வேலையை விட்ட கையோடு எழுதியதுதான் இந்த நாவல். அது கிண்டல் செய்த ஸ்டாலின் அப்போது பிரிட்டனின் கூட்டாளி. ஒரு பதிப்பகம் தகவல் அமைச்சக அதிகாரி ஒருவரின் பேச்சைக் கேட்டுப் பின்வாங்கியது. அவர் சோவியத் உளவாளி என்று பிற்பாடு தெரியவந்தது. ஃபேபர் பதிப்பகத்தில் டி.எஸ். எலியட், பன்றிகள்தானே புத்திசாலிகள், பொதுநலம் கொண்ட பன்றிகள் இருந்தால் போதுமே என்ற தோரணையில் மறுத்தார். கவிஞர் கதையை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாரோ! புத்தகம் 1945 ஆகஸ்டில்தான் வந்தது.

1950இல் ஆர்வெல் இறந்தார். 1954இல் இந்த நாவலை வைத்து வந்த கார்ட்டூன் படத்துக்குப் பின்னால் இருந்தது சிஐஏவின் பணம். நாவலின் கடைசியில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேஜையில் சீட்டாடுகிறார்கள், எது எந்த முகம் என்று ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மிருகங்களுக்குப் பிடிபடவில்லை. படத்தில் அந்த மேஜையில் மனிதர்களே கிடையாது. பன்றிகள் மட்டும்தான், மிருகங்கள் திரண்டுவந்து அவற்றை மிதித்துத் தள்ளுகின்றன.